சண்டிலிப்பாய்ச் சந்தியும் ஒரு ரொறன்ரோக் கடைத்தெருவும்

யாழ்ப்பாணப் பட்டணத்தில் காரைநகர் பஸ் ஏறினால் ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை என்று கடைவீதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றில் மானிப்பாயும் சங்கானையும் பெரிய பசார்கள். வங்கி, நகைக்கடை, புடவைக்கடை, மருந்துக்கடை, சந்தை என்று சனத்துக்கு வேண்டியது எல்லாம் அங்கே உண்டு. நடுவில் இருக்கும் சண்டிலிப்பாய்க்குப் பெயர் தேடிக்கொடுத்தவை கல்வளைப் பிள்ளையார் கோயிலும் சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலுந்தான், கடைகள் அல்ல. பிரதேச செயலகம் சண்டிலிப்பாய் என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் ஊர்ச்சனம் சீலை எடுக்க மானிப்பாய்க்கோ சங்கானைக்கோ போகும். கலியாணச் சாமான் என்றால் நேரே பட்டணத்துக்குப் பஸ் ஏறும்.

இந்தக் கடைவீதிகளுக்கு யார் சொந்தக்காரர்? கேட்டுப் பாருங்கள், பதில் சுலபமாக வராது. தார் போட்ட பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. குப்பை அள்ளுவதும் சந்தை நடத்துவதும் பிரதேச சபையின் வேலை. கம்பத்தில் ஓடும் மின்சாரம் இன்னொரு நிறுவனத்துடையது. கடையும் கடைவாசலும் தனியாருடையவை. போதாததற்கு, மானிப்பாயும் சண்டிலிப்பாயும் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்குள் வர, பஸ் சற்று மேற்கே போனதும் சங்கானை வலிகாமம் மேற்குப் பிரதேச சபைக்குள் விழுந்துவிடுகிறது. மாரி மழைக்கு வாய்க்கால் அடைத்துக் கடைவாசலில் வெள்ளம் நின்றால் எந்தக் கந்தோருக்கு முதலில் போவது என்பதே ஒரு பெரிய ஆராய்ச்சி. எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு சொந்தம். முழுத் தெருவும் ஒருவருக்கும் சொந்தமில்லை.

இதே சிக்கலில் மாட்டியிருந்த ஒரு கடைத்தெரு கனடாவில் உண்டு. ரொறன்ரோவின் மேற்கே, புளூர் வீதியில். 1960களில் அந்தத் தெருவுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழுந்தது. 1964இல் யோர்க்டேல் என்ற பிரமாண்டமான மூடிய அங்காடி நகரின் வடக்கே திறந்தது. காரில் போகலாம், காரை நிறுத்த இடம் உண்டு, பனிக்குள் நடக்கத் தேவையில்லை. 1966இல் புளூர் வீதியை ஒட்டி நிலத்துக்கு அடியால் சுரங்க ரயில் ஓடத் தொடங்கி, 1968இல் இன்னும் மேற்கே நீண்டது. அதுவரை ட்ராமில் இருந்தபடி கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு வந்து இறங்கிய சனம், இப்போது நிலத்துக்குக் கீழால் போய்விட்டது.

அந்தத் தெருவில் கடைக்காரர் சங்கம் ஒன்று இருக்கத்தான் செய்தது. சந்தா கேட்டுப் போனால் சிலர் கொடுப்பார்கள், சிலர் நாளைக்கு வரச் சொல்வார்கள். நாளைக்கு வரச் சொன்னவரின் கடைக்கு முன்னாலும் அதே விளக்குத்தான் எரியும், அதே பூச்சாடிதான் நிற்கும். பிறகு ஏன் அவர் காசு கொடுக்கப்போகிறார்? யாழ்ப்பாணத்தில் எந்த வணிகர் சங்கத்தின் பொருளாளரைக் கேட்டாலும் இந்தக் கதையைத் தன் கதை போலவே சொல்வார்.

புளூர்க் கடைக்காரர்கள் எடுத்த வழிதான் புதியது. தங்களிடமிருந்து கட்டாயமாக வரி அறவிடும்படி தாங்களே மாநகர சபையைக் கேட்டார்கள். அலெக்ஸ் லிங் என்ற வியாபாரி அந்த முயற்சியில் முன்னால் நின்றவர். மாகாணச் சட்டம் இடம்கொடுக்க, 1970இல் புளூர் வெஸ்ற் வில்லேஜ் வணிக மேம்பாட்டு வலயம் பிறந்தது. உலகில் இந்த வகையில் அதுதான் முதலாவது. வியாபாரி வரி கேட்டு மனுப்போட்ட சம்பவம் உலக வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

ஒழுங்கு இப்படி. தெருவின் எல்லை வரைபடத்தில் குறிக்கப்படுகிறது. எல்லைக்குள் இருக்கும் எல்லா வணிகச் சொத்துகள்மீதும் வழமையான ஆதன வரியோடு சேர்த்து ஒரு மேலதிகத் தொகை விதிக்கப்படுகிறது. அதை மாநகர சபை அறவிடுகிறது. ஆனால் தன் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளாமல் அந்தத் தெருவின் நிர்வாகக் குழுவிடம் அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பணத்தைத் தெருவுக்கு வெளியே செலவழிக்க முடியாது. கட்டிடச் சொந்தக்காரரும் வாடகைக்கு இருக்கும் கடைக்காரரும் உறுப்பினர்கள். வரவு செலவை ஆண்டுதோறும் மாநகர சபை பார்த்து ஏற்க வேண்டும். ஒன்ராறியோச் சட்டத்தில் தடுப்புக்கும் வழியுண்டு: உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர், வரியிலும் மூன்றில் ஒரு பங்கைக் கட்டுகிறவர்கள், எழுத்தில் மறுத்தால் வலயம் அமையாது.

புளூர் வீதி அந்தக் காசில் விளக்குப் போட்டது, இருக்கை போட்டது, மரம் வைத்தது. கிழக்கு ஐரோப்பியக் கடைகள் நிறைந்த தெரு என்பதால் பின்னாளில் உக்ரேனியத் திருவிழாவும் அங்கே நடக்கலாயிற்று. இன்று ரொறன்ரோவில் மட்டும் இத்தகைய வலயங்கள் எண்பதுக்கு மேல். அமெரிக்காவில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் வழிவிட, 2005இல் கிங்ஸ்ரன் நகர மையம் முதலாவதாக இறங்கியது. கிங்ஸ்ரன், நியூ மோல்டன், ரோல்வேர்த் பக்கம் ஈழத்தமிழர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை இந்த ஊர்ச்சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே இன்னும் இறுக்கமான முறை. கடைக்காரர்கள் வாக்களிக்க வேண்டும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை தலைக்கணக்கிலும் இருக்க வேண்டும், அவர்களின் சொத்து மதிப்பிலும் இருக்க வேண்டும். நாலு பெரிய கடை சேர்ந்து நாற்பது சின்னக் கடையை அமுக்க முடியாது. நாற்பது சின்னக் கடை சேர்ந்து பெரிய கடையின் தலையில் செலவைக் கட்டவும் முடியாது. வென்றாலும் ஐந்து ஆண்டுதான். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. தோற்றால் வலயம் கலையும்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஒரு அங்காடிக்குள் தானாகவே இருப்பதைத் தெருவுக்கும் உண்டாக்குவதற்கு. யாழ்ப்பாணத்தில் 2013இல் கார்கில்ஸ் ஸ்குயார் திறந்தபோது சனம் முதலில் பார்க்கப் போனது நகரும் படிகளை. வியாபாரக் கண்ணோடு பார்த்தவர்கள் வேறொன்றைப் பார்த்திருப்பார்கள். கழிப்பறை துப்புரவாக இருக்கிறது, காவலாளி நிற்கிறார், வாகனம் விட இடம் இருக்கிறது, எந்தக் கடையும் தன் சாமானை நடைவழியில் பரப்பவில்லை. அங்கே முதலாளி ஒருவர்; வாடகையோடு சேர்த்துப் பராமரிப்புச் செலவையும் அவர் எடுத்துக்கொள்ள முடியும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்க் கடைகள் பெரும்பாலும் பிளாசாக்களில்தான் இருக்கின்றன. பனி வழிக்கும் செலவும் வாகனத் தரிப்பிட விளக்குச் செலவும் அங்கே பொதுச்செலவாக வாடகைப் பற்றுச்சீட்டில் வந்துவிடும். அதைக் கட்டும் மானிப்பாய்க்காரர், தன் ஊர்ப் பசாரில் கடை வைத்திருந்தால் அப்படி ஒன்றைக் கட்டுவாரா? கட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதுதான் பதில்.

இங்கே கடைக்காரர் ஒன்றும் கட்டாமல் இல்லை. சோலைவரி இருக்கிறது, உரிமக் கட்டணம் இருக்கிறது, வியாபார வரி இருக்கிறது. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் வர்த்தமானியில் போட்டுவந்த அட்டவணையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. உரிமக் கட்டணத்துக்கு உட்படாத வியாபாரங்களுக்கு, முந்திய ஆண்டின் வருமானம் 6,000 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் வரியில்லை. 12,000 வரை 90 ரூபா. 18,750 வரை 180. 75,000 வரை 360. 150,000 வரை 1,200. அதற்கு மேல் எவ்வளவாக இருந்தாலும் 3,000 ரூபா. அவ்வளவுதான்.

ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம் என்பதை இன்றைக்கு ஒரு பெட்டிக்கடையே ஓரிரு மாதத்தில் தாண்டிவிடும். ஆகவே பீடி, வெற்றிலை விற்கிற கடையும், குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கிற மாடிக்கடையும் ஒரே 3,000 ரூபாவில் வந்து நிற்கின்றன. ஒரு பசாரில் இருநூறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாரும் உச்சத் தொகையைக் கட்டினாலும் ஆண்டுக்கு ஆறு லட்சம். மாதம் 50,000. ஒரு துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்தால் அதோடு சரி. விளக்குக்கும் வாய்க்காலுக்கும் கழிப்பறைக்கும் எங்கே போவது? சபை ஒன்றும் செய்வதில்லை என்று கடைக்காரர் சொல்வதும் உண்மை. கடைக்காரர் ஒன்றும் தருவதில்லை என்று சபை சொல்வதும் உண்மை.

சந்தைப் பக்கம் வந்தால் கதை வேறு. அங்கே காசு நன்றாகவே புரளுகிறது, ஆனால் தெருவுக்கு வருவதில்லை. சந்தையில் வரி எடுக்கும் உரிமையை ஆண்டுக் குத்தகைக்கு விடுவது குடாநாட்டின் பழைய வழக்கம். குத்தகை எடுத்தவர் சபைக்குக் கேள்விப் பணத்தைக் கட்டுகிறார். போட்ட காசைத் தினமும் கடகத்தோடும் மூட்டையோடும் வருகிறவர்களிடம் எடுக்கிறார். மரக்கறி கொண்டுவரும் கமக்காரரிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ ‘கழிவு’ என்று வியாபாரிகள் கழித்துக்கொள்வது பற்றிய சண்டை யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் ஓயாத செய்தி. தெருவில் ஆகக் குறைந்த வருமானம் உள்ளவர்தான் ஆகக் கூடிய வீதத்தைக் கட்டுகிறார். அந்தக் காசில் அவருக்கு ஒரு நிழற்கொட்டிலாவது கிடைத்ததா என்று கேட்பது நியாயமான கேள்வி.

இந்தப் பசார்கள் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1981 மே மாத முடிவில் பட்டணத்தில் நூலகம் எரிந்த அந்த நாட்களில் கடைகளும் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது சண்டிலிப்பாயும் மானிப்பாயும் சங்கானையும் வெறிச்சோடின. அடுத்த ஆண்டு சித்திரையில் சனம் திரும்பத் தொடங்கியபோது பல கடைகளில் கதவு கூட இல்லை. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தம் சொந்தக் காசில், கடனில், வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் எழும்பினார்கள். அதனால் தன் கடைக்குத் தானே பொறுப்பு என்ற வைராக்கியம் ஆழமாக ஊறியிருக்கிறது. கடைக்கு வெளியே இருக்கும் மூன்று அடி நிலம் யாருடைய பொறுப்பு என்ற நினைப்பு அந்த அளவுக்கு ஊறவில்லை.

சேர்ந்து செலவு செய்யத் தெரியாத சனமா என்றால், அதுவும் இல்லை. கோயில் கொடியேறினால் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஒரு உபயகாரர் இருக்கிறார். அந்த நாள் அந்தக் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக உரியது. லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்தாவது செய்துவிட்டுப் போவார்கள். தவறினால் ஊர் பேசும். வணிக மேம்பாட்டு வலயத்தின் அடிப்படைக் கணக்கும் இதுதான்: யார் எவ்வளவு, எதற்காக, எப்போது என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், ஒருவரும் நழுவ முடியாது. கோயிலில் ஊர்ப்பேச்சு செய்கிற வேலையைப் புளூர் வீதியில் சட்டம் செய்கிறது.

உலகெங்கும் இந்த வலயங்களின் அடையாளம் சீருடை. நியூயோர்க்கின் ரைம்ஸ் ஸ்குயாரில் சிவப்பு உடையோடு துப்புரவாளர்கள் நடமாடுவார்கள்; வழி கேட்டால் சொல்வார்கள், குப்பை போட்டால் அள்ளுவார்கள். நிறம் தெரிந்தால்தான் காசு வேலை செய்கிறது என்று கடைக்காரர் நம்புவார் என்பது அவர்களின் கணக்கு. யாழ்ப்பாணத்தில் சீருடை போட்டுப் பார்த்த கதை வேறு மாதிரி முடிந்தது. 2021 ஏப்ரலில் அப்போதைய மாநகர முதல்வர் விசுவலிங்கம் மணிவண்ணன், நகரில் குப்பை போடுகிறவர்களுக்கும் வெற்றிலை துப்புகிறவர்களுக்கும் தண்டம் விதிக்க மாநகர சபை ஊழியர் ஐந்து பேருக்கு நீல உடை கொடுத்து இறக்கினார். அது விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையைப் போல இருக்கிறது என்று குற்றஞ்சாட்டப்பட்டது. கொழும்பு மாநகர சபையின் ஊழியர்களும் இப்படித்தான் உடுத்துகிறார்கள் என்ற விளக்கம் எடுபடவில்லை. ஏப்ரல் 9 அதிகாலையில் பயங்கரவாத விசாரணைப் பிரிவு அவரைக் கைது செய்தது. அன்றைக்கே நீதிமன்றம் பிணையில் விட்டது. வெற்றிலைத் துப்பலில் தொடங்கிய விஷயம் நாட்டின் பாதுகாப்பில் போய் நின்றது. வேறு ஊரில் ஒரு தையற்கடைச் செலவோடு முடிகிற காரியத்துக்கு இங்கே என்ன விலை என்பதை, ரொறன்ரோ முறையை அப்படியே இறக்குமதி செய்யலாம் என்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

வெளியில் எல்லாம் பொன் விளைந்ததாகவும் நினைக்க வேண்டாம். நியூயோர்க்கில் கிராண்ட் சென்றல் பகுதி வலயம் வீடற்றவர்களுக்கு வேலைப் பயிற்சி என்ற பெயரில் மணிக்கு ஒரு டொலரளவு கொடுத்து வேலை வாங்கியது. அது குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை மீறியது என்று 1998இல் தீர்ப்பளித்த நீதிபதி சோனியா சொற்றொமேயர். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். அதே வலயத்துக்குள் குடியிருந்தவர்கள், நிர்வாகத்தில் சொத்துக்காரருக்கு மட்டும் பெரும் இடம் ஏன், ஆளுக்கொரு வாக்கு ஏன் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். காசு கட்டுகிறவனின் அமைப்பு இது, அரசாங்கம் அல்ல என்றது நீதிமன்றம்.

இந்தக் கேள்வி சங்கானைக்குப் புதியதல்ல. தெரு யாருடையது, அதில் யார் இருக்கலாம் என்பதை வைத்து இங்கே இரத்தமே சிந்தியிருக்கிறது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து பத்து ஆண்டு கழிந்த பிறகும் சங்கானைத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போய் வாங்கில் இருந்து தேநீர் குடிக்க முடியவில்லை. தீண்டாமைக்கு எதிரான 1966 ஒக்டோபர் எழுச்சியைத் தொடர்ந்து எழுந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டத்தில் சங்கானையும் அதன் அருகிலுள்ள நிச்சாமமும் மையமாக நின்றன. கடைக்காரர் சங்கத்துக்குத் தெருவின் அதிகாரம் முழுவதையும் கொடுத்திருந்தால் அன்றைக்கு அது எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இன்றைக்கு அந்தக் கேள்வி வேறு உருவில் வரும்: நடைபாதையில் சாக்கை விரித்து மரக்கறி விற்கும் பெண், மீன் கூடையோடு வருகிறவர், பண்டிகைக் காலத்தில் மட்டும் துணி பரப்புகிறவர். இவர்களுக்குக் கட்டிடமும் இல்லை, வாக்கும் இருக்காது. தெருவை அழகுபடுத்துவதென்றால் முதலில் இவர்களைக் கிளப்புவது என்றுதான் பல இடங்களில் அர்த்தமாகிறது.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2013இல் நடைபாதை வியாபாரிகள் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்குள் மாற்றப்பட்டார்கள். 2019 நவம்பரில், ஏறத்தாழ 40 கோடி இந்திய ரூபாவில், அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடக்கச் சுகமான இடம், மறுப்பதற்கில்லை. அது கடைக்காரர் காசில் வந்ததல்ல, பொலிவுறு நகரத் திட்டத்தின் அரசுப் பணம். ஆனால் இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்கிறது: நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். நடைமுறையில் எத்தனை ஊரில் அந்தக் குழு ஒழுங்காகக் கூடுகிறது என்பது வேறு கதை. சட்டத்திலாவது சாக்கு விரித்தவருக்கு ஒரு நாற்காலி உண்டு. மானிப்பாய்க்கோ சங்கானைக்கோ இப்படி ஒரு வலயம் வருமானால் ரொறன்ரோவிடமிருந்து தனிக்கணக்கையும், கிங்ஸ்ரனிடமிருந்து ஐந்தாண்டு வாக்கெடுப்பையும், இந்தியச் சட்டத்திடமிருந்து இந்த நாற்காலியையும் எடுத்துக்கொள்வதுதான் புத்தி.

இவ்வளவுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. உள்ளூராட்சிச் சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தபின் 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு ஆண்டுக்கு மேல் மக்கள் தெரிந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூடச் சபைகளில் இல்லை. அதிகாரிகள் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் வாய்க்காலுக்காகச் சண்டை பிடிக்கக்கூட ஆள் கிடையாது. இப்போது சபை இருக்கிறது, தவிசாளர் இருக்கிறார், கேட்க ஓர் இடம் இருக்கிறது. புதிய வரி ஒன்றைக் கடைக்காரர் ஏற்கவேண்டுமானால், ஏற்கெனவே கட்டுகிற வரி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மானிப்பாய்க் கடைவீதியிலிருந்து சோலைவரி எவ்வளவு, உரிமக் கட்டணம் எவ்வளவு, சந்தைக் குத்தகை எவ்வளவு, அதே வீதியில் விளக்குக்கும் வாய்க்காலுக்கும் குப்பைக்கும் செலவு எவ்வளவு. இந்த நாலைந்து எண்களை ஒரு தாளில் அடித்துச் சந்தை வாசலில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, பாராளுமன்றம் தேவையில்லை, உலக வங்கி தேவையில்லை. அந்தத் தாள் ஒட்டப்படாமல் வணிக மேம்பாட்டு வலயம் என்று யாராவது கருத்தரங்கு வைத்தால் அதற்குப் போகாமல் விடலாம்.

ஆண்டு முடிவில் பிரதேச சபையின் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் விவாதத்துக்கு வரும். வலிகாமம் தென்மேற்கிலும் வலிகாமம் மேற்கிலும் உள்ள வணிகர் சங்கங்கள் அதற்கு முன்னரே கடைவீதி வாரியான கணக்கை எழுத்தில் கேட்க வேண்டும். சண்டிலிப்பாய்ச் சந்தியில் கடை வைத்திருப்பவர்களும் கையெழுத்துப் போடலாம். அவர்கள் கட்டுவதும் அதே வரிதான். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இப்படியான ஒரு தெருவின் நிர்வாகக் குழுவில் இருந்த, அல்லது அந்த மேலதிக வரியைக் கட்டிப் பழகிய நம்மூர்க்காரர் யாராவது இதை வாசித்தால் ஓர் உதவி: அடுத்த முறை திருவிழாவுக்கு வரும்போது உங்கள் தெருவின் வருடாந்தக் கணக்கறிக்கையில் ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, மானிப்பாயிலோ சங்கானையிலோ உள்ள வணிகர் சங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.